ஆடிட் நாளில் கோயிலுக்குப் போன வேன்

ஒழுக்கமான ஒரு பெண்ணை, பெண்களை வைத்துத் தவறான தொழில் நடத்துகிறவர் என்று போலீசில் எழுதிக் கொடுத்தவன் நான். அவர் அப்படிப்பட்டவர் அல்ல என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். யாரும் மிரட்டி எழுத வைக்கவில்லை. நல்ல தமிழில், பிழையில்லாமல், கம்பெனி முத்திரையோடு நானே எழுதினேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பனியன் கம்பெனிகளில் ஹெச்.ஆர்., கம்ப்ளையன்ஸ் என்று புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களில் பலர் என்னைப் பற்றி வேறு மாதிரி கேள்விப்பட்டிருக்கிறீர்கள். போன மாதம் உங்களில் ஒருவர் போன் செய்தார். யாரோ சீனியரிடம் என் எண்ணை வாங்கினாராம்.

"சார், ஆடிட் அன்னைக்கு ஆளுங்களக் கோயிலுக்கு அனுப்புற ஐடியா உங்களோடதாமே? செம ஐடியா சார். நாங்க இன்னைக்கும் அதத்தான் பண்றோம்."

பாராட்டுகிறார்! போனை வைத்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஆறிவிட்டால் நான் மறுபடியும் நியாயம் பேச ஆரம்பித்துவிடுவேன். எனக்கு அது நன்றாக வரும். படித்ததே சமூகப்பணி. கோயம்புத்தூரில் முதுகலைப் பட்டம் வாங்கியவன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஆண்டுகள் அவை. வெளிநாட்டு பையர்கள் ஆர்டர் கொடுக்கும் முன்பு ஆடிட்டரை அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் அல்ல; தொழிலாளர்களை எப்படி நடத்துகிறோம் என்று பார்க்கிறவர். வயது குறைந்தவர்கள் உண்டா, கர்ப்பிணிகளுக்குச் சட்டப்படி விடுப்பு உண்டா, எல்லாவற்றையும் கேட்பார்கள். நான் மேனேஜராக இருந்த திருப்பூர் கம்பெனியில் எட்டாவது மாத வயிற்றோடு செக்கிங் டேபிளில் நின்று வேலை பார்க்கும் பெண்கள் இருந்தார்கள். முகத்தைப் பார்த்தாலே பள்ளிக்கூடம் போக வேண்டிய வயது என்று தெரிகிற பிள்ளைகளும் இருந்தார்கள். மற்ற கம்பெனிகளில் இவர்களை அட்டைப்பெட்டி குடோனில் போட்டுப் பூட்டினார்கள், அல்லது சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். நான் அவர்களைவிட நல்லவன் அல்லவா? கம்பெனி வேன் வைத்து, புளிசாதப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, சிவன்மலை முருகன் கோயிலுக்கு அனுப்பினேன். முழுச் சம்பளத்தோடு ஒரு நாள் சாமி தரிசனம். பெண்கள் தலையில் பூ வைத்துக்கொண்டு சிரித்தபடியே வேனில் ஏறுவார்கள். ஏன் அனுப்புகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சந்தோஷமாகப் போனார்கள். முதலாளி என் முதுகில் தட்டிக் கொடுத்தார். நானும் என்னைத் தட்டிக் கொடுத்துக்கொண்டேன்.

நான் சொல்ல வந்த அந்த நாளில் ஆடிட்டர், பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண். கூர்மையானவர். உள்ளே வந்த கொஞ்ச நேரத்திலேயே, "இத்தனை பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஒரு கர்ப்பிணிகூட இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஐந்தாம் மாதத்திலிருந்தே விடுப்பு கொடுத்துவிடுகிறோம் என்றேன். குறித்துக்கொண்டார். நம்பினாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

மதியத்துக்கு முன்னால் வேன் டிரைவர் என் செல்லுக்குப் போன் செய்தார். நான் வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"சார், பேச்சியம்மாளுக்கு வலி எடுத்திருச்சுங்க. அடிவார மண்டபத்துல படுத்துக் கெடக்குது. காங்கேயம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிறட்டுங்களா?"

பேச்சியம்மாள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த பெண். இங்கே ஒரு டெய்லரைக் கல்யாணம் செய்தாள். வயிற்றில் பிள்ளை தங்கியதும் அவன் எங்கேயோ போய்விட்டான். அவளுக்கு அது எட்டாவது மாதம்.

அப்போது என் தலைக்குள் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் எங்கே வேலை என்று கேட்பார்கள். வேலை நாளில் கம்பெனி வேனில் வந்த கர்ப்பிணி எதற்கு மலையடிவாரத்தில் இருக்கிறாள் என்று கேட்பார்கள். கம்பெனிக்குப் போன் வரும். ஆடிட்டர் உட்கார்ந்திருக்கும் அறையில்தான் அந்தப் போன் இருந்தது. இவ்வளவும் யோசித்தேன். அவள் வலியைப் பற்றி யோசித்தது இதற்கெல்லாம் பிறகுதான். அதுவும் எப்படி? என் மனைவிக்கும் எட்டாவது மாதத்தில் ஒருமுறை வலி வந்து தானாக அடங்கியது நினைவுக்கு வந்தது. எனக்கு வசதியான நேரத்தில் வசதியான நினைவு.

"சூட்டு வலியா இருக்கும். ஆடிட்டரம்மா கிளம்புற வரைக்கும் அங்கயே படுக்க வை. சோடா வாங்கிக் குடு" என்றேன்.

"ரொம்பத் துடிக்குதுங்க சார்."

"டாக்டரக் கேட்டேன், பொறுத்துக்கச் சொன்னாருன்னு அவகிட்டச் சொல்லு."

நான் எந்த டாக்டரையும் கேட்கவில்லை. டிரைவர் "செரிங்க" என்றார். நான் அறைக்குத் திரும்பி ஆடிட்டருக்கு இளநீர் கொண்டுவரச் சொன்னேன்.

வேனில் போயிருந்த இன்னொரு பெண்ணுக்கு என்னைவிட அறிவு இருந்தது. கோயில் கடைவீதியில் ஒரு ரூபாய் போனிலிருந்து காம்பவுண்டக்காவைக் கூப்பிட்டுவிட்டாள்.

காம்பவுண்டக்கா என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். அவருடைய சொந்தப் பெயரை எழுதட்டுமா என்று போன வாரம் கேட்டேன். "ஒருக்கா நீங்க எழுதுனதே போதுமுங்க" என்று சொல்லிவிட்டார். ஆகவே இங்கும் அக்காதான். அப்போது அவருக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும், என்னைவிட இளையவர். கணவர் விட்டுப்போன சொத்து, சுற்றிலும் அறைகளும் நடுவில் வாசலும் உள்ள ஒரு காம்பவுண்டு. திருப்பூரில் அப்படி வாடகைக்கு விடும் வீடுகள் தெருத் தெருவாக உண்டு. அக்கா பாதி அறைகளை வாடகைக்கு விட்டார். மீதி அறைகளில், கைவிடப்பட்ட பெண்கள், ஊசி ஏறி விரல் சீழ் பிடித்து வேலை போனவர்கள், பிள்ளை பெற ஊருக்குப் போக முடியாதவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் வாடகை வாங்கியதில்லை. கனிவாகப் பேசுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். டி.வி.எஸ். ஐம்பதில் சாயப்பட்டறைக் கழிவு ஓடும் தெருக்களில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போவார். திட்டாமல் யாருக்கும் சோறு போட்டதில்லை. பேச்சியம்மாள் அவர் காம்பவுண்டில்தான் இருந்தாள்.

போன் வந்ததும் அக்கா கேட்டது ஒரே கேள்வியாம்: "தண்ணி ஒடஞ்சிருச்சா?" அவ்வளவுதான். யார் அனுப்பினார்கள், யார் பொறுப்பு, யார் செலவு என்று கேட்கவில்லை. ஸ்டாண்டில் நின்ற ஆம்னி வேன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சிவன்மலைக்குப் போனார். அங்கிருந்து காங்கேயம் ஆஸ்பத்திரி. பிள்ளை இறந்துதான் பிறந்தது. கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருக்கலாமே என்று அங்கிருந்த டாக்டரம்மா கேட்டாராம். ஆண் பிள்ளை.

சாயங்காலம் அக்கா எங்கள் கேட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக. புடவையில் ரத்தம் காய்ந்திருந்தது. மாடியில் ஆடிட்டர் தன் முடிவுகளை முதலாளியிடம் படித்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் உள்போனில் கூப்பிட்டு, "சார், காம்பவுண்டக்கா வந்து கேட்ட ஒடைக்குதுங்க" என்றார். நான் இறங்கி ஓடினேன்.

"வாங்க சார், வாங்க! கோயிலுக்கு அனுப்பிச்சீங்களே, பிரசாதம் கொண்டாந்திருக்கறேன், பாருங்க!" புடவையை விரித்துக் காட்டினார்.

"மெதுவாப் பேசுங்க. உள்ள கெஸ்ட் இருக்காங்க."

"அந்தக் கெஸ்ட்டத்தானுங்க நானும் பாக்கோணும். கூப்புடுங்க. எனக்கு இங்கிலீசு வராது, நீங்களே சொல்லிக் குடுங்க. வவுத்துப்புள்ளைக்காரிய எதுக்கு மலைக்கு அனுப்புனீங்கன்னு கேட்டா என்ன சொல்லோணும்? நேத்திக்கடன்னு சொல்லட்டுமா?"

வாட்ச்மேனிடம் கேட்டைப் பூட்டச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். ஆடிட்டர் ஜன்னல் ஓரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாது. ஆனால் ஒரு பெண் கதறுவது எந்த மொழிக்காரருக்கும் தெரியும்.

"யார் அவர்?"

முதலாளி என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் இருந்தது பயம். அவர் பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை. இந்த இடத்தில்தான் உங்களில் ஒருவராக என்னை நினைத்துப் பாருங்கள். சொல்ல எவ்வளவோ இருந்தது. வாய் பேசாமல் நின்றிருந்தால்கூடப் போதும். நான் சொன்னது இது: "பக்கத்தில் தவறான விடுதி நடத்துகிற பெண். எங்கள் பெண்களை ஆசை காட்டி இழுக்கிறாள். தடுப்பதால் அடிக்கடி வந்து கலாட்டா செய்கிறாள்."

ஆடிட்டர் மடிக்கணினியைத் திறந்தார். "போலீசில் புகார் கொடுத்திருக்கிறீர்களா?"

"கொடுத்திருக்கிறோம்."

"பிரதியை நாளைக்குள் அனுப்புங்கள்."

உங்களுக்கும் எனக்கும்தான் இது புரியும். நம் தொழிலில் வாயால் சொன்னது எதுவும் நிற்காது. சொன்னதற்குக் காகிதம் காட்ட வேண்டும். காகிதம் இல்லை என்றால் அன்றே உண்டாக்க வேண்டும். சம்பளச் சீட்டு, தீயணைப்புப் பயிற்சிப் படம், பாதுகாப்புக் குழுக் கூட்டக் குறிப்பு என எத்தனையோ காகிதங்களை அப்படி உண்டாக்கிப் பழகிய கை. ஆகவே அன்று இரவே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி அனுப்பினேன். பொய் சொன்னது ஒரு நொடிப் பதற்றத்தில். அதற்கு ஆதாரம் தயாரித்தது பதற்றத்தில் அல்ல. வழக்கமான வேலை போலத்தான் செய்தேன்.

ஆடிட் அறிக்கை வந்தது. பெண் தொழிலாளர்களைச் சமூக விரோதிகளிடமிருந்து காக்க நிர்வாகம் எடுக்கும் முயற்சி பாராட்டத்தக்கது என்று ஒரு வரி இருந்தது. ஆர்டர் கிடைத்தது. எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார் முதலாளி. நானும் தின்றேன்.

போலீஸ் அக்காவின் காம்பவுண்டுக்குப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பச்சை உடம்போடு படுத்திருந்த பேச்சியம்மாள் உட்பட அங்கிருந்த பெண்களை வேனில் ஏற்றிக் கொண்டுபோய், ஊரிலிருந்து தகப்பன்மார்களை வரவழைத்து, எப்படிப்பட்ட இடத்தில் பிடித்தோம் என்று சொல்லி ஒப்படைத்தார்கள். அக்காவைக் கைது செய்தார்கள். வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. உத்தரவு போட்டு காம்பவுண்டுக்கு சீல் வைத்தார்கள்.

ஜாமீனில் வந்த பிறகு ஒரு நாள் அக்கா மறுபடியும் எங்கள் கேட்டுக்கு வந்தார். இந்த முறை கத்தவில்லை. வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, லாரிகள் சரக்கேற்றும் இடத்தில் நிழலாகப் பார்த்து நின்றிருந்தார். அடிக்க ஆள் கூட்டி வந்திருக்கிறாரோ என்று முதலில் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் இறங்கினேன்.

"ஏனுங்க சார், அந்தப் புள்ளைக ஊரு அட்ரசெல்லாம் உங்க ஆபீசுல இருக்குமில்லீங்க? எழுதிக் குடுங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? ஊடு போய்ச் சேந்தாளுகளா, சோறு போடறாங்களா, அடிக்கறாங்களா, ஒண்ணும் தெரியல. அவளுக துணிமணி பூராவும் உள்ள வெச்சுப் பூட்டியிருக்குது. பேச்சிக்குக் காச்சல் வேற இருந்துச்சு."

அவரைப் பற்றி நான் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜெயிலுக்குள் இருந்துவிட்டு வந்தவர். தெருவில் அவரைப் பார்த்துக் காறித் துப்புகிறார்கள் என்று எனக்கே செய்தி வந்திருந்தது. அவர் என்னிடம் கேட்க நூறு இருந்தன. கேட்டது இதை. எனக்கு வந்தது வெட்கம் இல்லை, கோபம். இவர் ஏன் என்னைத் திட்டவில்லை? திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு மேலே போயிருப்பேன்.

"கம்பெனி விவரத்த வெளிய குடுக்க முடியாதும்மா" என்று விதியைச் சொல்லிவிட்டு மேலே போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்தேன். மண்டபத்திலிருந்து டிரைவர் போன் செய்தபோது என் மனதில் முதலில் வந்தது எது, தண்ணி உடைந்ததா என்று கேட்ட இந்தப் பெண்ணின் மனதில் முதலில் வந்தது எது என்று நினைத்துப் பார்த்தேன். சமூகப்பணியில் நான் படித்த அத்தனையும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. நான் அதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அவர் அதைக் கேட்டார்.

ஓடிப் போய் அவரை டவுன் பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன்.

"நீங்க போக வேண்டாங்க. நான் போறேன்."

"நீங்க போயி?"

"நான் சொன்னது பொய்யின்னு அவங்க வீட்டுல சொல்றேன்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எவ்வளவு சத்தமாச் சொல்லுவீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"போலீசு ஊரறியச் சொல்லிப்போட்டுத்தானுங்க அனுப்புச்சு. நீங்க ஊட்டுக்குள்ள போயி அப்பங்காரன் காதுல குசுகுசுன்னு சொல்லிப்போட்டு, காப்பித்தண்ணி குடிச்சுப்போட்டு வந்துருவீங்க. அதுக்குப் போகாமயே இருக்கலாம்."

விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். திண்டுக்கல் பக்கம், தேனிப் பக்கம், சிவகங்கைப் பக்கம் என்று ஊர் ஊராக. அக்கா சொன்னபடியே முதலில் வீட்டில், பிறகு டீக்கடையிலோ ரேஷன் கடை வரிசையிலோ நின்று ஊரறியச் சொன்னேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் அண்ணன்காரன் என் சட்டையைப் பிடித்தான். இன்னொரு ஊரில் அவசர அவசரமாக அந்தப் பெண்ணை இரண்டாம் தாரமாகக் கட்டிக் கொடுத்துவிட்டிருந்தார்கள். நான் சொன்னதைக் கேட்டு அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நீ வந்து சேந்த நேரத்தப் பாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பேச்சியம்மாளின் ஊருக்குக் கடைசியாகப் போனேன். தீப்பெட்டி ஆபீஸ் என்று அங்கே சொல்லும் தொழிற்சாலை விட்டு ஆட்கள் வரும் நேரம். டீக்கடை முன்னால் நின்று, இன்னார் மகளைப் பற்றிப் போலீஸ் சொன்னது பொய், அந்தப் பொய்யை எழுதிக் கொடுத்தவன் நான், அவள் இருந்தது ஒரு நல்ல மனுஷியின் வீடு என்று சொன்னேன்.

பெஞ்சில் இருந்த ஒருவர் டீயை உறிஞ்சியபடி, "இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்து இல்லைங்காருன்னா, என்னமோ இருக்கத்தான்வே செய்யும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பொய்யை ஒரு பக்கத்தில் எழுதினேன். முத்திரை குத்தினார்கள், வேன் வந்தது, சீல் வைத்தார்கள். உண்மையைத் தெருவில் நின்று கத்தினேன், டீக்கடையில் சிரித்தார்கள்.

வீட்டில் பேச்சியம்மாளின் அப்பா என்னை உட்காரச் சொல்லவில்லை. "டீக்கடையில சொன்னீகளாம். வந்து சொல்லிட்டாவ. போயிட்டு வாங்க" என்றார். அவருக்குப் பின்னால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு பேச்சியம்மாள் நின்றிருந்தாள். மெலிந்து, வேறு யாரோ போல.

"அக்கா நல்லாருக்காவளா சார்?"

"இருக்காங்கம்மா. அவங்கதான் அனுப்பினாங்க."

"ஒண்ணு கேக்கணும் சார். கோவிச்சுக்கிடாதீக." கொஞ்சம் தயங்கினாள். "அன்னைக்குப் பொறுத்துக்கச் சொன்னாருல்லா ஒரு டாக்டரு, அவரு எந்த டாக்டரு?"

நான் அவள் அப்பாவைப் பார்த்தேன்.

"சண்டைக்கு இல்ல சார். அவரு பொறுக்கச் சொன்னாரு, எனக்குத்தான் பொறுக்க முடியல. பொரண்டு பொரண்டு படுத்தேன். அசையாமக் கெடந்திருந்தா பிள்ள நின்னுருக்குமோன்னு... தெனம் அதான் நெனப்பு. அவருகிட்ட ஒருக்காக் கேட்டுட்டா நல்லாருக்கும்."

நான் அவ்வளவு தூரம் போனது புகாரில் எழுதிய பொய்யைச் சொல்ல. மண்டபத்துக்குப் போனில் சொன்ன பொய்யைப் பற்றி எனக்கும் டிரைவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஊர் ஊராக நின்று பாவத்தைச் சொல்லிக்கொண்டே வந்தவன், பெரிய பாவத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். இவளோ பிள்ளையைக் கொன்றது தானோ என்று தினமும் செத்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரே கெடையாதும்மா. நான் யாரையும் கேக்கல. நானாத்தான் சொன்னேன்."

"டாக்டரே இல்லையா?" என்று அவள் என்னிடம் கேட்டாள். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "எப்பா, டாக்டரே இல்லையாம்ப்பா" என்றாள். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதாள். அந்த மனிதர் என்னை அடிக்கக் கையை ஓங்கினார். நான் நகரவில்லை. மகள் அழுவதைக் கேட்டு அவரும் கையைக் கீழே போட்டுவிட்டார்.

அழுது முடித்து அவள் கேட்டது: "அக்காட்ட இதச் சொல்லிட்டீகளா?"

"இல்ல."

"சொல்லணும்."

திருப்பூருக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். காம்பவுண்டு சீலில் இருந்ததால் தெரிந்தவர் வீட்டுப் பின்கட்டில் தங்கியிருந்தார். கேட்டு முடித்ததும் குனிந்து காலிலிருந்த செருப்பைக் கழற்றினார். என்னைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தார். அப்புறம் கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொண்டார்.

"ஆர்.டி.ஓ. ஆபீசுல வந்து ரெண்டையும் சொல்லுங்க. அதுக்கு நீங்க முழுசா வேணுமுங்க. இல்லீன்னா..." என்றார்.

சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். விசாரணை இழுத்தது. கம்பெனி வக்கீல், எனக்கும் நிர்வாகத்துக்கும் மனஸ்தாபம், அதனால் கதை கட்டுகிறேன் என்றார். இன்ஸ்பெக்டர், "ஏன் சார் இந்த வயசுல உங்களுக்கு இது?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். வேன் டிரைவரும் வந்து, நான் போனில் சொன்னதைச் சொன்னார். அதற்காக வேலையை இழந்தார். அந்த மனிதருக்கு நான் எந்த ஈடும் செய்யவில்லை. செய்ய முடியும் என்று தோன்றவுமில்லை. கடைசியில் சீல் வைத்த பூட்டை உடைத்துக் காம்பவுண்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்கா மேலிருந்த வழக்கு தள்ளுபடியானது. என் மேல் வழக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டேன். கிடைத்த தண்டனை என் குற்றத்துக்கு வெகு சின்னது.

கம்பெனி என்னை நீக்கியது. அடுத்த ஆடிட்டில், தவறு செய்த அதிகாரி மேல் நிர்வாகம் எடுத்த நடவடிக்கைக்கு ஆதாரமாக என் பணிநீக்கக் கடிதத்தைத்தான் காட்டினார்களாம். ஆடிட்டர் திருப்தியடைந்தாராம். இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்களா? அன்றும் வேன் சிவன்மலைக்குப் போயிருந்தது. இன்றும் போகிறது. உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்து பாராட்டுகிறார். அடுத்த முறை வேன் டிரைவர் உங்களைக் கூப்பிடும்போது, ஆடிட்டர் எத்தனை மணிக்குக் கிளம்புவார் என்று கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். எனக்குத் தெரியும். நானும் பார்த்தேன். அந்த நேரத்தில் யோசிக்கலாம் என்று விட்டுவைக்காதீர்கள். அந்த நேரத்தில் நாம் யோசிப்பதெல்லாம் நம்மைப் பற்றித்தான். வேனை அனுப்பும் முன்னால், இன்றைக்கே, முடியாது என்று சொல்லுங்கள். வேலை போகும். எனக்குப் போனது. போனால் என்ன?

பேச்சியம்மாள் திருப்பூருக்குத் திரும்பி வரவில்லை. அக்கா வருஷத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். அங்கே என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்வதில்லை. நான் கேட்பதுமில்லை.

காம்பவுண்டு திறந்த பிறகும் தெரு மாறவில்லை. என் பொய்யை நம்பியவர்கள் ஆர்.டி.ஓ. உத்தரவைப் படித்துவிட்டா மனம் மாறுவார்கள்? வாடகைக்கு வர ஆள் இல்லை. அக்கா வந்தவர்களுக்குச் சோறு போட்டார், திட்டினார், வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் அலைந்தார். ஒரு நாள் போய், ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டேன். "உங்களுக்கு என்னுங்க தெரியும்?" என்றார். படிவம் நிரப்பத் தெரியும், ஆபீசர்களிடம் பேசத் தெரியும் என்றேன். "அது தெரியுமுங்க" என்றார்.

அதிலிருந்து அவர் காம்பவுண்டுப் பெண்களோடு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிறவன் நான். கூட வந்தது யார் என்று நர்ஸ் கேட்டால் கையெழுத்துப் போடுகிறேன். பிரசவ வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது வலியில் கத்தினால் இன்னமும் எழுந்து நிற்கிறேன்.

புதிதாக யார் வந்தாலும் அக்கா என்னை அறிமுகப்படுத்தும் விதம் ஒன்று உண்டு. போன மழைக்காலத்தில் நத்தம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நிறைமாதம். புருஷன் அடித்துத் துரத்தியிருந்தான். துணிமூட்டையை இறக்கி வைக்கும் முன்னால் அக்கா என்னைக் காட்டி, "இவரு ஆருன்னு தெரிஞ்சுக்க கண்ணு. நம்ம காம்பவுண்டு தப்பான ஊடுன்னு போலீசுல பொய் எழுதிக் குடுத்தவரு இவருதான். பொறுத்துக்கன்னு சொல்லி ஒரு புள்ளையவும் கொன்னவரு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு உங்கூட வருவாரு" என்றார்.

அந்தப் பெண் மூட்டையை மறுபடியும் இடுப்பில் தூக்கிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"அப்படியாப்பட்ட ஆள எதுக்குக்கா உள்ள விட்டு வச்சிருக்கீங்க?"

"வெளிய விட்டா மறுக்காவும் எங்கியாச்சும் மேனேசராப் போயிருவாரு" என்றார் அக்கா. "வந்து சோத்தத் தின்னு."